மெலோடியனும் கொட்டகையும்: புத்தளக் கரையோரக் கூத்திசையிற் காற்றுப்பெட்டியின் இடம்

ஒரு கலைவடிவம் தனது பெயரை எங்கிருந்து பெறுகின்றது என்பது சொல்லாராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய வினா அன்று. தென்னிந்திய நாடகக் குழுக்களின் வழியாக 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் யாழ்ப்பாணத்துக்கு வந்து வேரூன்றிய இசைநாடகத்தை அங்குள்ள மக்கள் 'கொட்டகைக் கூத்து' என்றனர். அதுவரை அவர்கள் கண்ட கூத்து திறந்தவெளிக் களரியில் நிகழ்ந்தது. கோயில் வீதியிலோ அறுவடை முடிந்த வயலிலோ எவரும் பாயை விரித்து அமர்ந்து விடியும்வரை பார்க்கலாம். கொட்டகையோ நான்கு புறமும் அடைக்கப்பட்டது. அதற்கு ஒரு வாயில் உண்டு. வாயிலில் காசு வாங்குபவர் நிற்பார். புதிய கலைக்குப் பெயர் வைத்த மக்கள் அதன் பாட்டையோ ஆட்டத்தையோ கதையையோ கருதவில்லை. அடைப்பைக் கருதினர். தம் கண்முன் நேர்ந்த மாற்றத்தின் சாரம் எதுவென அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தனர் என்று நாம் கருதுகின்றோம்.

இதற்கு மறுதலையான ஒரு பெயரீட்டை 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிற் காண்கின்றோம். அங்கே 'மெலோடியன்' என்னும் சொல் காற்றால் இசைக்கும் ஒரு பெட்டியைக் குறித்தது. அதே சொல் இசையரங்கு ஒன்றையும் குறித்தது. பொஸ்ரன் நகரின் மெலோடியன் மண்டபம் 1830களின் இறுதியிலேயே அப்பெயரைப் பெற்றுவிட்டது. தீவிரக் கருத்துகளுக்காகப் பிற தேவாலய மேடைகள் மறுக்கப்பட்ட தியடோர் பார்க்கர் என்னும் போதகர் 1845 முதல் 1852 வரை அம்மண்டபத்திலேதான் பேசினார். அடிமைமுறைக்கு எதிரான குரல் அங்கு ஒலித்தது. சின்சினாட்டியிலும் நியூயோர்க்கிலும் அப்பெயருடைய அரங்குகள் இருந்தன. சான்பிரான்சிஸ்கோவில் நிலை இன்னும் ஒருபடி மேற்சென்றது. 1849இன் தங்கவேட்டையைத் தொடர்ந்து அந்நகரில் முளைத்த மதுக்கடை அரங்குகள் பலவற்றுக்கும் மெலோடியன் என்பதே பொதுப்பெயராயிற்று. வீடும் குடும்பமும் இன்றி வந்து குவிந்த ஆண்கள் அங்கே கூலிப்பணத்தைச் செலவிட்டனர். பாட்டும் ஆட்டமும் மதுவும் ஒரே கூரையின்கீழ் ஒரே விலைப்பட்டியலில் இடம்பெற்றன. பின்னாளில் அமெரிக்க மேடையிற் பெரும்புகழ் பெற்ற லொட்டா கிராப்ட்ரீ சிறுமியாக ஆடிப்பாடிய அரங்குகள் இவை. நியூயோர்க் மாநிலம் 1862இல் இத்தகைய இசை மதுக்கூடங்களுக்கு எதிராகச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

மண்டபத்தின் பெயர் பெட்டியிலிருந்து வந்ததா, அன்றிப் பெட்டியின் பெயர் மண்டபத்திலிருந்து வந்ததா என்று வினவினால் ஒரே விடை கிடையாது. இச்சொல்லின் பின்பகுதியில் 'ஒடியோன்' என்னும் கிரேக்கச் சொல்லின் ஓசை ஒலிக்கின்றது. பண்டைக் கிரேக்கத்திற் பாட்டு நிகழும் அரங்கினை அது குறித்தது. பொஸ்ரனில் ஒடியோன் என்ற பெயரிலேயே வேறொரு மண்டபமும் இருந்தது. எனவே அந்நகரத்துப் பெயர் பெட்டியைச் சாராமல் எழுந்திருக்கலாம். சான்பிரான்சிஸ்கோவின் நிலை வேறு. அங்கே பெட்டி எல்லா இடமும் பரவியபின் எழுந்த பெயர் அது. பெட்டி ஒலிக்கும் இடம் மெலோடியன் ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் அடைப்பு கலைக்குப் பெயர் தந்தது. சான்பிரான்சிஸ்கோவிற் கருவி அடைப்புக்குப் பெயர் தந்தது. இவ்விரண்டுக்கும் இடையே, கருவி வந்தும் அடைப்பு வராத ஒரு நிலப்பகுதியை நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கின்றோம். அது வைக்கால், மாறவில தொடங்கிச் சிலாபம், உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளம், கற்பிட்டி வரை நீளும் புத்தள மாவட்டக் கரையோரமாகும்.

முதலிற் கருவியின் அமைப்பினைச் சற்று நோக்குதல் வேண்டும். அமைப்பை அறியாமற் பண்பாட்டு முடிவு கூறுவது எம்மனோரிடையே பெருவழக்காகிவிட்டது. ஒரு பித்தளைத் தகட்டில் நீண்ட துளையொன்று வெட்டப்படுகின்றது. அத்துளையின்மேல், ஒருமுனை மட்டும் தறையப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு அமர்கின்றது. இதனையே நம்மவர் ரீடு என்பர். துருத்தி தள்ளும் காற்று துளைவழி செல்லும்போது நாக்கு மேலும் கீழும் அதிர்ந்து ஒலி பிறக்கின்றது. நாக்கின் நீளமும் தடிப்பும் சுருதியைத் தீர்மானிக்கின்றன. நுனியைச் சுரண்டினாற் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். பெட்டி திருத்துபவரின் கலை முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கியுள்ளது எனலாம். ஜெரமையா கார்ஹார்ட் 1846இற் காப்புரிமை பெற்ற அமெரிக்க மெலோடியனில் துருத்தி காற்றை உள்ளே உறிஞ்சும். பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1840களின் தொடக்கத்தில் ஆக்கிய ஆர்மோனியத்தில் காற்று வெளியே தள்ளப்படும். உறிஞ்சும் பெட்டியின் ஒலி மென்மையானது. தள்ளும் பெட்டியின் ஒலி கூர்மையானது. (பிரித்தானியரும் அயர்லாந்தவரும் மெலோடியன் என்பது பொத்தான்கள் கொண்ட கைத்துருத்தி வாத்தியத்தை, அது இங்கு எமது பொருளன்று.) எதுவாயினும் மூலத்தத்துவம் ஐரோப்பியருடையதன்று. சீனத்து ஷெங், லாவோஸ் மக்களின் கேன் ஆகிய வாய்க்கருவிகளில் இவ்வாறு கட்டின்றி அதிரும் நாக்கு மிகப் பழங்காலம் தொட்டே உண்டு. 'மேனாட்டுப் பெட்டி' என்று முகஞ்சுளிப்போர் இதனை மனங்கொள்ளல் நன்று.

தள்ளும் பெட்டிதான் நமது நாடுகளுக்கு வந்து நிலைத்தது. கல்கத்தாவில் 1875இல் இசைக்கருவி வணிகம் தொடங்கிய துவாரகநாத் கோஷ், காலால் மிதிக்கும் பெட்டியைக் கையால் இயக்கும் சிறு பெட்டியாக மாற்றியமைத்தவராகப் போற்றப்படுகின்றார். இம்மாற்றத்தின் காரணத்தை இசையின் அமைப்பிலேயே தேடவேண்டும். ஐரோப்பிய இசை பல சுரங்களை ஒருங்கே அடுக்குவது. அதற்கு இரு கைகளும் கட்டைகளின்மேல் இருத்தல் வேண்டும். ஆகவே காற்றூட்டும் வேலை காலுக்குச் சென்றது. நமது இசை ஒரே இராக ஓட்டத்தின் வழிச் செல்வது. ஒரு கை அதற்குப் போதும். மறுகை துருத்தியை இயக்கலாம். நாற்காலி வேண்டாம், மேசை வேண்டாம். தரையில் அமர்ந்து மடிமுன் வைத்து வாசிக்கலாம். தலையிற் சுமந்து அடுத்த ஊருக்கும் செல்லலாம். இறக்குமதிப் பண்டமாக வந்த ஒன்று உள்ளூர்த் தொழிலாளர் கையில் வேறொரு பொருளாக உருமாறிய வரலாறு இது. குஜராத்தின் பாலிதானாவில் வார்த்தெடுத்த ரீடுகள் இப்பெட்டிகளுக்கு நாக்காயின. தமிழ்நாட்டு நாடக மேடையில் மட்டும் கால்பெட்டி நெடுங்காலம் நீடித்தது. அங்கே பெட்டி வாசிப்பவர் இரு கைகளாலும் விரைந்து வாசித்துக்கொண்டே பின்பாட்டும் பாடினார். நடிகருக்கு ஈடாகக் கைதட்டலும் பெற்றார்.

இலங்கைக்குப் பெட்டி இரு வாயில்களால் நுழைந்தது. ஒன்று தேவாலயம். குழாய் ஓர்கன் வாங்க வசதியற்ற மிஷன் ஆலயங்களுக்கு மடித்து எடுத்துச் செல்லத்தக்க காற்றுப்பெட்டி ஏற்றதாயிருந்தது. மற்றையது நாடக மேடை. பம்பாயிலிருந்து பலிவாலாவின் எல்பின்ஸ்டன் நாடகக் குழு 1889இற் கொழும்புக்கு வந்தது. அதன் வழியே பார்சி அரங்கின் இந்துஸ்தானி மெட்டுகளும் திரைச்சீலையும் ஆர்மோனியமும் சிங்கள மேடையிற் புகுந்து 'நூர்த்தி' என்னும் வடிவம் வளர்ந்தது. ஜோன் டி சில்வா (1857–1922) வட இந்திய இசைஞர் விஸ்வநாத் லௌஜியின் துணையுடன் தமது நாடகங்களுக்கு இசையமைத்தார். 1911இல் மருதானையிற் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. சிங்கள நாடகவரலாற்றில் ஒரு காலகட்டம் முழுவதும் இன்று அம்மண்டபத்தின் பெயராலேயே சுட்டப்படுகின்றது. யாழ்ப்பாணத்துக் கொட்டகையைப் போலவே இங்கும் அடைப்பு கலைக்குப் பெயர் தந்தது.

சிங்களவர் ஆர்மோனியத்தைச் 'சர்ப்பினா' என்பர். 1830களில் இலண்டனிற் செரஃபீன் என்ற பெயரில் ஒரு காற்றுப்பெட்டி விற்பனைக்கு வந்தது; ஆர்மோனியத்துக்கு முந்திய உறவுமுறைக் கருவி அது. சிங்களச் சொல் அதன் திரிபு எனக் கொள்ளுதலே பொருத்தம். ஐரோப்பாவில் அக்கருவி விரைவில் மறைந்து போயிற்று. பெயர் மட்டும் இத்தீவிலே தங்கி, வேறொரு பெட்டியைக் குறித்து இன்றும் வழங்குகின்றது.

இனிக் கரையோரத்துக்கு வருவோம். இங்கு பெட்டி வருமுன் நிலவிய இசைமரபு வறியதன்று. போத்துக்கேயர் காலத்திற் கத்தோலிக்கம் தழுவிய மீனவர் குடிகள் இக்கரையில் அடர்ந்து வாழ்ந்தன. ஒல்லாந்தர் ஆட்சியின் கெடுபிடியில் அவர்களிடையே மறைந்து பணியாற்றிய கோவைக் குருமாருள் ஒருவரான யாக்கோமே கொன்சால்வெஸ் 1742இல் இப்பகுதியின் போலவத்தையிற் காலமானார். தமிழிலும் சிங்களத்திலும் சமய நூல்களும் பாடல்களும் ஆக்கியவர் அவர். பாடுகளின் புலம்பல் மரபு அவர் பெயரோடு நெருங்கிய தொடர்புடையது. சிங்கள 'நாடகம' மரபின் தொடக்க நூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் 'இராஜ துன்கட்டுவ' சிலாபத்தைச் சேர்ந்த கபிரியேல் பெர்னாண்டோ இயற்றியதாகக் கூறப்படுவது. குழந்தை இயேசுவைக் காணவந்த மூன்று அரசர் கதையே அது. அக்கதையை மன்னார்த் தமிழ்க் கத்தோலிக்கரும் மூவிராசாக்கள் நாடகமாக ஆடினர். நாடகம என்ற பெயரே தமிழ். அதன் விருத்தமும் சிந்தும் தமிழ். அதற்கு அடிக்கும் மத்தளத்தைச் சிங்களவர் 'தெமள பெரய', அதாவது தமிழ் மேளம் என்றே அழைத்தனர். கூத்தினைப் பயிற்றுபவர் அவர்களுக்கும் 'அண்ணாவி'தான். மன்னாருக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் ஒரு மொழியிலிருந்து மறு மொழிக்குக் கூத்து கடந்து சென்ற பாலமாக இக்கரையோரம் விளங்கியது என்பதில் ஐயமில்லை.

அப்பாலத்தின் ஒரு தலை பின்னர் இடிந்தது. நீர்கொழும்பிலிருந்து சிலாபத்துக்கு அப்பால் வரை வாழ்ந்த தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவர் 20ஆம் நூற்றாண்டின் போக்கிற் சிங்களம் பேசுவோராயினர். பள்ளிக்கூடத்தின் போதனாமொழியும் ஆலயத்தின் மன்றாட்டுமொழியும் மாறியமை இதற்கு நேரடிக் காரணமாயின. ஒரு தலைமுறை வீட்டிலே தமிழும் வகுப்பிலே சிங்களமும் பேசியது. அடுத்த தலைமுறைக்குத் தமிழ் பாட்டியின் மொழி. அதற்கடுத்த தலைமுறைக்கு அதுவும் இல்லை. வர்க்க நிலையில் எவ்வித மாற்றமும் இன்றி, அதே வள்ளத்திலும் அதே வலையிலும் உழைத்துக்கொண்டே, ஒரு மக்கட்கூட்டம் தன் மொழியை இழந்த கதை இது. கூத்தின் நிலையை இவ்விடத்தில் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மத்தளக்கூத்தின் உயிர் அண்ணாவியின் நாவில் இருந்தது. ஏட்டில் இருப்பது சொல் மட்டுமே. எந்த விருத்தத்தை எந்த இராகத்தில் இழுப்பது, எங்கே தாளம் மாறுவது என்பன வாய்வழி வருபவை. மொழி அற்றபோது இவ்வறிவும் அறுந்தது. ஆர்மோனியத்திற்கு இத்தடை இல்லை. அதன் கட்டைகளுக்குத் தமிழ், சிங்களம் என்ற வேறுபாடு கிடையாது. கரையின் தென்பகுதி சிங்களமாக மாறிய அதே காலப்பகுதியிலேதான் நூர்த்தி மெட்டுகளும் சர்ப்பினாவும் சிங்களக் கிராமங்கள்தோறும் பரவின. அண்ணாவிக் கூத்து நலிந்தமைக்குப் பெட்டியைக் குற்றஞ்சாட்டுவோர் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றனர். மொழிக்கொள்கை வெறுமையாக்கிய இடத்திலேதான் பெட்டி வந்து அமர்ந்தது.

வடக்கே உடப்பில் நிலைமை வேறு. இராமநாதபுரக் கரையோடு தம் மூதாதையரைத் தொடர்புபடுத்தும் இந்துத் தமிழ் மீனவர்கள் வாழும் ஊர் அது. அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலில் ஆடி மாதத்திற் தீமிதி நடைபெறும். சித்திரைச் செவ்வாய் என்னும் தனித்துவமான விழாவும் அவ்வூருக்கு உண்டு. கும்மியும் தாலாட்டும் வில்லுப்பாட்டும் அம்பாப் பாட்டும் அங்கே தமிழிலேயே நிலைத்தன. அப்பால் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். கோயிற் பசனை, பள்ளி விழா, மேடை நாடகம் ஆகியவற்றில் ஆர்மோனியம் காணாத தமிழ்க் கரையூர் அரிது. ஆயினும் கொழும்பைப் போலவோ யாழ்ப்பாண நகரைப் போலவோ நிலையான நுழைவுச்சீட்டு அரங்கு இக்கரையோர ஊர்களில் வளரவில்லை. மீனவரின் கையிற் பணம் சீராக வருவதில்லை. வாடைக்காற்றுக்கும் சோளகத்துக்கும் ஏற்ப ஒரு பருவத்தில் மீன் உண்டு, மறுபருவத்தில் கடன்தான் உண்டு. அந்தக் கடனும் சம்மாட்டியிடமிருந்து பெறுவதே. நாள்தோறும் வாயிலிற் காசு வாங்கும் கொட்டகையை இத்தகைய பொருளாதாரம் தாங்காது. விழாவுக்கு ஊர்வரி திரட்டலாம். பெட்டிக்காரருக்குச் சன்மானம் கொடுக்கலாம். கோயில் முற்றத்தில் அனைவரும் இருந்து பார்க்கலாம். ஆகவே இங்கே பெட்டி களத்திற்கு வந்தது, களம் கொட்டகையாகவில்லை. முதலாளித்துவம் உற்பத்தி செய்த கருவி, முதலாளித்துவத்திற்கு முந்திய பகிர்வு முறைக்குள் வாழ்ந்தது என்று இதனைக் கூறலாம். சான்பிரான்சிஸ்கோவின் மதுக்கூடத்திலும் சிலாபக்கரையின் ஆலய முற்றத்திலும் ஒலித்தது ஒரே வகை நாக்குத்தான். அவ்வொலியைச் சூழ்ந்த சமூக உறவுகள் முற்றிலும் வேறானவை.

திறந்தவெளி என்பது கருவியைத் தெரிவு செய்வதிலும் பங்கு வகித்தது. ஒலிபெருக்கி வராத காலத்திற் கடற்காற்றை மீறிப் பாட்டுக் கேட்கவேண்டும். வீணையின் ஒலி முதல் வரிசையைத் தாண்டாது. பித்தளை நாக்கின் கூர்மையான ஒலியோ முற்றத்தின் மறுகோடிவரை செல்லும். பாடுபவர் இளைத்தபோது அது இடைவெளியை நிரப்பும். சுருதி தளர்ந்தபோது தாங்கும். பயிற்சி பெற்ற தொழிற் பாடகர் அன்றி, பகலெல்லாம் வலையிழுத்துக் குரல் கட்டிய ஒருவரே இரவில் அரசன் வேடம் கட்டுகின்றார் என்பதை நினைவிற்கொண்டால், இத்துணையின் பெறுமதி விளங்கும். விலையும் உண்டு. பித்தளை நாக்கு உப்புக்காற்றிற் பச்சை பூக்கும். ஈரத்தில் மரம் ஊதிக் கட்டைகள் இறுகும். துருத்தித் துணி இற்றுப்போகும். கடலோரத்துப் பெட்டி நெடுநாள் சுருதியில் நில்லாது.

பெட்டியால் நேர்ந்த இழப்பினையும் மறைத்தல் தகாது. பன்னிரு சம இடைவெளிகளாக வெட்டப்பட்ட கட்டை வரிசையில் நமது இராகங்களின் நுண்ணசைவும் கமகமும் அகப்படா. கூத்து மெட்டுகளுட் பல, எந்த ஒரு நிலையான சுரத்திலும் தங்காமல் வழுக்கிச் செல்பவை; பெட்டி அவற்றைப் படிக்கட்டுகளாக்கியது. இக்குறையைச் சங்கீத அறிஞர் நன்கு அறிந்திருந்தனர். டெல்லி வானொலியில் மேலை இசைப்பிரிவைக் கவனித்த ஜோன் போல்ட்ஸ் 1938இல் ஆர்மோனியத்தைக் கண்டித்து எழுதினார். இரவீந்திரநாத் தாகூரும் அதனை வெறுத்தார். லயனல் பீல்டன் தலைமையிலிருந்த அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. விலக்கு 1971இலேதான் ஓரளவு தளர்த்தப்பட்டது. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி பாக்குநீரிணைக்கு இப்பாலும் கேட்டது. நமது கரையோரத்தார் கேட்ட 'நல்ல சங்கீதம்' பெட்டியற்ற சங்கீதமாயிற்று.

கலை நியாயம் ஒருபுறம் இருக்க, இவ்விலக்கின் வர்க்கச் சார்பு கவனிக்கற்பாலது. பெட்டி அந்நியம் என்பது காரணமாயின், வயலின் எங்ஙனம் தப்பியது? பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) கைக்கொண்ட அக்கருவி இன்று கருநாடக இசையின் உயிர்த்துணை. கமகம் இயலாமையே காரணம் என்பர் சிலர். அது வலுவான வாதமே. ஆயினும் சுருதிப்பெட்டியை அவர்கள் கச்சேரி மேடையில் வைத்துக்கொண்டதை எங்ஙனம் விளக்குவது? சுருதிப்பெட்டி என்பது கட்டை நீக்கிய ஆர்மோனியம். அதே துருத்தி, அதே பித்தளை நாக்கு. பாடகரின் பின்னால் ஓசையின்றிப் பணிபுரியும்வரை அப்பெட்டி ஏற்கப்பட்டது. தானாக இசைபேசத் தொடங்கியபோது அது தகுதியற்றதாயிற்று. கட்டையுள்ள பெட்டியை வாசித்தோர் பெரும்பாலும் நாடகக் கொட்டகையினர், பசனைக் கூடத்தினர், ஊர்மேடையினர். வானொலி என்னும் புதிய ஊதிய வாயில் திறந்தபோது, பெட்டி வாசிப்போருக்கு அது ஒரு தலைமுறைக்கு மூடப்பட்டிருந்தது.

நகைப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. பெட்டியை வெளியேற்றிய சங்கீத உலகம் சுருதியை இன்றும் பெட்டியின் அளவையாலேயே அளக்கின்றது. ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்தரைக் கட்டை என்கிறோமே, அவை ஆர்மோனியத்தின் கட்டைகள். முதல் வெள்ளைக் கட்டையை ஆதார சட்சமாகக் கொண்டாற் சுருதி ஒரு கட்டை. அதற்கும் இரண்டாவதற்கும் இடையிலுள்ள கருங்கட்டையைக் கொண்டால் ஒன்றரை. மூன்றரைக் கட்டை என்று எவரும் சொல்வதில்லை. மூன்றாம் வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் நடுவே கருங்கட்டை கிடையாது என்பதே காரணம். பல நூற்றாண்டு இசையிலக்கணம் உடைய மொழியொன்றில், பாடுவோர் அன்றாடம் கையாளும் சுருதி அளவையை நாடகமேடைப் பெட்டி வழங்கியிருக்கின்றது. ஒலிபெருக்கியற்ற மேடையில் உச்சக் கட்டையிற் பாடிப் புகழீட்டிய கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் தலைமுறையினர் இவ்வளவையைப் பொதுமக்கள் நாவிலும் பதித்தனர். 1920களில் இலங்கை மேடைகளில் அவ்விருவரும் பாடிய நினைவு இத்தீவின் பழைய இரசிகரிடையே நெடுங்காலம் வாழ்ந்தது.

நமது பல்கலைக்கழகச் சூழலிலும் தூய்மை வாதம் வேறொரு வடிவில் நிலவுகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலாயவற்றைப் பேராதனையில் மேடையேற்றிக் கூத்துக்குக் கல்வியுலக மதிப்பினை ஈட்டித்தந்தார். அது வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த பணி. அதன் பின்வந்தோருட் சிலர், மத்தளமும் தாளமும் மட்டும் ஒலிப்பதே கூத்து, ஆர்மோனியம் புகுந்தது சீரழிவு என்று வரையறுக்க முற்பட்டனர். மத்தளக்கூத்தைப் பேணுவோர் பெட்டியின்றி ஆடட்டும். அதில் எமக்கு மாறுபாடில்லை. ஆனால் மொழிமாற்றத்தையும் கடனையும் கடந்து ஒரு மீனவ ஊர் தன் நாடகத்தைத் தொடர்வதற்குப் பெட்டியைத் துணைக்கொண்டிருப்பின், அவ்வூரை நோக்கி உங்கள் கூத்து கலப்படமானது என்று தீர்ப்புரைக்கும் உரிமை ஆய்வாளருக்கு எங்கிருந்து வந்தது? அத்தீர்ப்பின் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. விழாவுக்கு எக்குழு அழைக்கப்படும், எப்பாட்டு ஒலிப்பதிவாகும், எவ்வண்ணாவி கௌரவிக்கப்படுவார் என்பனவெல்லாம் அதனைச் சார்ந்துள்ளன.

பெட்டி நுழையாத இடம் ஒன்று இக்கரையில் உண்டு. அது கரைவலை. கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் கரையில் நின்று இழுக்கின்றனர். அணித்தலைவர் ஓரடி பாட, மற்றையோர் மறுமொழி கூறி, அம்மறுமொழியின் அழுத்தத்தில் கயிற்றை இழுப்பர். இதுவே அம்பாப் பாட்டு. வலை தொலைவில் உள்ளபோது நடை தளர்ந்து செல்லும். மடி கரையை நெருங்கும்போது முடுகும். சொற்கள் தெய்வத்தை வேண்டும், சம்மாட்டியைக் கேலி செய்யும், காதலையும் பசியையும் பேசும். இங்கே பெட்டிக்கு வேலையில்லை. பிடிக்கவேண்டிய சுருதி எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். கேட்போர் என்று தனியே எவரும் இல்லை என்பது அதனினும் பெரிய காரணம். பாடுவோர் அனைவரும் உழைப்போர். உழைப்போர் அனைவரும் பாடுவோர். பாடுபவர் ஒருபுறமும் கேட்பவர் மறுபுறமுமாகப் பிரிந்த பின்னரே பெட்டிக்கு இடம் பிறக்கின்றது. அப்பிரிவின்மீது வாயிலும் காசும் ஏறும்போது கொட்டகை பிறக்கின்றது. இக்கரையோரத்தின் இசை இம்மூன்று நிலைகளுள் முதல் இரண்டையும் ஒரே காலத்தில், பெரும்பாலும் அதே மனிதரின் குரலில், கொண்டிருந்தது.

உழவு இயந்திரத்திற் பூட்டிய வின்ச்சுக் கொண்டு கரைவலை இழுக்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் இலங்கைக் கரைகளிற் பரவியது. அரசின் தடையும் அதற்கெதிரான மீனவர் கோரிக்கைகளும் அதனைத் தொடர்ந்தன. வின்ச்சு சுழலும் இடத்தில் இழுப்போர் சிலரே தேவைப்படுகின்றனர். அவர்கள் ஒருமித்து மூச்செடுக்க வேண்டிய தேவையும் இல்லை. அம்பாவைக் கரையிலிருந்து மேடைக்கு அனுப்பும் பொறி இதுவே. மேடையேறிய அம்பாவை உடப்பு இளைஞர் வரிசையாக நின்று, கையில் வெறுங்கயிறு பிடித்து, கேட்போர் முன் பாடுகின்றனர். அங்கே பாட்டுக்கு ஒரு சுருதி வேண்டியிருக்கின்றது. கரையில் வேலையற்றிருந்த பெட்டிக்கு அம்மேடையோரத்தில் இப்பொழுது இடம் உண்டு.